பெரியவர் சொன்ன ஆழம்

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. நீயும் நலம், நாங்களும் நலம் என்றுதான் தொடங்க நினைத்தேன். உன் தோள் ஞாபகத்துக்கு வந்து பேனா நின்றுவிட்டது. வலது தோள்தானே? இல்லை, இப்போது இரண்டுமா?

இந்த வாரம் இரண்டு தடவை உனக்கு போன் செய்தேன். இரண்டு தடவையும் மழையைப் பற்றியும், உன் அக்கா வாங்கிய வாஷிங் மெஷின் வீட்டையே ஆட்டுவதைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிட்டேன். என்னவோ சொல்ல வந்தீர்களே என்று நீயே கேட்டாய். ஒன்றுமில்லை என்றேன். வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அக்கா சுகம். சின்னவள் பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்தாள். பின்னால் யாரும் துரத்தவில்லை, அதனால் நிம்மதியாக ஓடினேன் என்றாள். இந்தப் புத்தி யார் வீட்டுப் புத்தி என்று இங்கே பெரிய விவாதம். மாமன் புத்தி என்று தீர்ப்பு சொல்லிவிட்டேன்.

இனி வேலை விஷயம். கடலுக்கடியில் வேலைக்கு இறங்கும் டைவர்களை மேலிருந்து கவனிக்கும் நம் கட்டுப்பாட்டு அறையை இப்போது பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. அதே இரும்புப் பெட்டிதான், தோளால் முட்டித் திறக்கும் அதே கதவுதான். உள்ளே பழைய பானலுக்குப் பக்கத்தில் புதுப் பானல் வந்திருக்கிறது. டைவருக்குப் போகும் காற்றின் அழுத்தம், அவர் நிற்கும் ஆழம், ஹெல்மெட் கேமராவின் படம் எல்லாம் ஒரே திரையில் தெரிகின்றன. ஒவ்வொரு விநாடியும் தானாகவே பதிவாகிறது. கண்ணை மூடிக்கொண்டு வால்வைத் திருப்பிய எனக்கு, மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு திரையைத் தடவுவது முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது.

அதைப் பொருத்த ஒரு பொறியாளர் வந்திருந்தாள். உன் வயதுதான் இருக்கும். இரண்டு வாரம் பழையதும் புதியதும் சேர்ந்தே ஓட வேண்டும், இரண்டும் ஒரே கணக்கைச் சொன்னால்தான் பழையதைக் கழற்றலாம் என்றாள். டைவரின் நெஞ்சிலிருந்து மேலே வருமே ஆழம் பார்க்கும் சின்னக் குழாய், அதில் ஒரு கிளை எடுத்து இரண்டு பானலுக்கும் கொடுத்தாள்.

பழைய பானலின் ஆழக் கேஜை நீ மறந்திருக்க மாட்டாய். சாப்பாட்டுத் தட்டு அளவு முகம், கறுத்துப்போன பித்தளை விளிம்பு. நீங்கள் எல்லாரும் சேர்ந்து அதற்குப் பெரியவர் என்று பெயர் வைத்தீர்கள். ஆழத்தில் சந்தேகம் வந்தால், பெரியவர் சொன்னால் சரி என்று பேச்சை முடித்துவிடுவோம்.

முதல் நாள் டைவர் அடியில் நின்றபோது பெரியவர் இருபத்தெட்டு மீட்டர் காட்டினார். திரை முப்பது புள்ளி நான்கு என்றது. புது மாப்பிள்ளைக்குத் தடுமாற்றம் போலிருக்கிறது என்று நான் கேலி செய்தேன். அந்தப் பெண் வாதாடவில்லை. மறுநாள் சோதனைக் கருவியைக் கொண்டுவந்து இரண்டுக்கும் ஒரே அழுத்தத்தைக் கொடுத்தாள். திரை பிசகவே இல்லை. பெரியவர் பூஜ்யத்தில் ஒழுங்காக நின்றார், பத்தில் கொஞ்சம் பின்தங்கினார், முப்பதில் கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர் குறைத்துச் சொன்னார்.

பிறகு அவள் கோப்பைக் கேட்டாள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கேஜைக் கழற்றிச் சோதித்து எழுத வேண்டிய தாள்கள். கடைசி எட்டுத் தாளை எடுத்து மேஜையில் பரப்பினாள். எட்டிலும் என் கையெழுத்து. எட்டிலும் ஒரே எண்கள், புள்ளிக்குப் பின்னால் உள்ளது வரை.

"எந்த கேஜும் எட்டு தடவையும் ஒரே மாதிரி காட்டாது சார்," என்றாள். தாள்களை மேஜையிலேயே விட்டுவிட்டு வெளியே போய்விட்டாள்.

மச்சான், நான் சோதிக்கவில்லை. முந்தின தாளைப் பார்த்து அடுத்த தாளை நிரப்பினேன். கழற்றினால் அரை நாள் வேலை நிற்கும். கப்பல்காரர்கள் தலைமேல் நின்று கத்துவார்கள். நன்றாகத்தானே ஓடுகிறது என்று நினைத்தேன். எட்டு தடவையும் அப்படித்தான் நினைத்தேன்.

அது எப்போது கெட்டது என்பதும் எனக்குத் தெரியும். கிரேன்காரர் நம் பெட்டியைப் படகின் மேல் தொப்பென்று இறக்கிய நாள். பெரியவரின் கண்ணாடி உடைந்தது, முள் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை. நானே திறந்து முள்ளைப் பூஜ்யத்தில் வைத்து வேறு கண்ணாடி மாட்டினேன். நீதான் டார்ச் பிடித்தாய். ஜோராகிவிட்டது அத்தான் என்று பாராட்டினாய். நீ சேர்ந்து நான்காவது மாதம் அது. அதற்குப் பிறகு நான்கு வருஷம் என் பானலில்தான் இறங்கினாய்.

இதை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இந்தக் கடிதத்தை ஒரு மருத்துவரிடம் நீ காட்ட வேண்டும், அதனால் எழுதுகிறேன். ஆழத்தையும் நேரத்தையும் வைத்துத்தான், மேலே வரும் வழியில் டைவரை எத்தனை நிமிஷம் நிறுத்த வேண்டும் என்று அட்டவணை பார்ப்போம். நான் பார்த்த ஆழம் குறைவு. அதனால் உன்னை நிறுத்திய நேரமும் குறைவு. ஆழத்தில் உடம்புக்குள் கரைந்த வாயு முழுதாக வெளியேறுமுன் உன்னை மேலே ஏற்றியிருக்கிறேன். ஆழமான இறக்கங்களை மட்டும் எண்ணிப் பார்த்தேன், நூற்று எண்பத்தேழு. இப்படித் திரும்பத் திரும்ப நடந்தால் தோள் மூட்டிலும் இடுப்பு மூட்டிலும் எலும்பு உள்ளுக்குள் செத்துப்போகலாம். சாதாரண எக்ஸ்ரேயில் ஆரம்பத்தில் தெரியாது.

ஒரு நாள் மேலே வந்ததும் சட்டைக்குள் கையை விட முடியாமல் நின்றாய். தோள் குடைகிறது என்றாய். ஒரு மாத்திரையைக் கொடுத்து, கல்யாணமாகாத தோளுக்கு அப்படி என்ன பாரம் என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய்.

நிர்வாகத்திடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். என்னைப் பானலிலிருந்து விலக்கிவிட்டார்கள். சரிதான். உன்னோடு இறங்கிய மற்ற மூவரையும் ஸ்கேனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இருவருக்கு ஒன்றுமில்லை. மூன்றாமவரான வெல்டருக்கு இன்னும் முடிவு வரவில்லை.

புது வேலையில் அறுபது மீட்டர் வரை இறங்க வேண்டும், சேர்வதற்கு முன் என் கையெழுத்தோடு பழைய டைவிங் பதிவேடு வேண்டும் என்று கேட்டிருந்தாய். கூரியரில் இதோடு வைத்திருக்கிறேன். நான் அன்று எழுதிய ஆழம் நீல மையில் இருக்கிறது. பக்கத்தில் சிவப்பில் இருப்பது நீ உண்மையில் நின்ற ஆழம். கேஜின் பிழையை ஒவ்வோர் ஆழத்துக்கும் அந்தப் பெண்ணிடம் வாங்கி, ஒவ்வொன்றாகத் திருத்தினேன். இதைப் பார்த்தால் அவர்கள் உன்னைச் சேர்க்காமல் போகலாம். எவ்வளவு ஆசையாக இருக்கிறாய் என்று தெரிந்துதான் அனுப்புகிறேன்.

என்னைத் திட்டு, பேசாமல் இரு, உன் இஷ்டம். ஆனால் எலும்பு மருத்துவரிடம் போ. தோளுக்கும் இடுப்புக்கும் எம்.ஆர்.ஐ. எடு. அதுவரை முழங்கால் தண்ணீரில்கூட இறங்காதே. நான் இறங்கு என்றால் இறங்கினாய், மேலே வா என்றால் வந்தாய், ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இந்தத் தடவை என் பேச்சை நம்ப வேண்டாம், படம் எடுத்துப் பார்.

உன் எலும்பு முழுசாக இருக்க வேண்டும். எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

இப்படிக்கு,
அத்தான்

தம்பி,

உன் அத்தான் இந்த உறையில் முகவரி எழுதித் தரச் சொன்னார். ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிடு என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். படித்துவிட்டேன். அவரிடம் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

போன வருஷம் நீ வந்திருந்தபோது, வலது கையை இடது கையால் தூக்கிச் சட்டைக்குள் விட்டதை நான் பார்த்தேன். கேட்டிருக்க வேண்டும். சமையலறையில் பால் பொங்கியது, போய்விட்டேன்.

நாளைக்கே போய்ப் படம் எடு. முடிவு எப்படி இருந்தாலும் போன் பண்ணு. அவருக்கு இல்லை, எனக்கு.

அக்கா