பேச்சியைத் திருப்பிக் கேட்டு

சிவகாசி,
1963, மாசி மாதம்.

அன்புள்ள தங்கச்சி இருளம்மாளுக்கு,

சிவகாசியிலிருந்து பொன்னுத்தங்கம் எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டுக்காரரும், உன்னிடம் வளரும் ராக்காயி மகள் பேச்சியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

என்னை நீ ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறாய். போன வைகாசியில் ஆனைக்குட்டத்துக்கு மாட்டுவண்டியில் வந்து, உன் தம்பி சோலைச்சாமி வீட்டிலிருந்து அவர் பெண்டாட்டி ராக்காயியைத் தூக்கிக்கொண்டு போனோமே, அந்தப் பெண்களில் வெள்ளைச் சேலை கட்டியிருந்தவள் நான். வயதில் மூத்தவள், அதனால் நீ என்றே எழுதுகிறேன். உன் பம்பாய் விலாசத்தை விஸ்வநத்தத்தில் இருக்கும் உன் சின்னம்மை மகள் தந்தாள். நீ எழுத்துக் கூட்டிப் படிப்பாய் என்றும் சொன்னாள். இதை வேறு யாரிடமும் வாசிக்கக் கொடுக்காதே.

எங்கள் வீட்டைப் பற்றி உன் ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஓடுகாலி வீடு என்பார்கள். இது என் அப்பா எனக்கு விட்டுப்போன வீடு. என் புருஷன் அடித்ததில் எனக்கு இடது காது கேட்காது. அவர் செத்த பிறகு, என்னைப் போல அடிபட்டு வந்த மூக்கம்மாளுக்கு இடம் கொடுத்தேன். அவளைப் பற்றிக் கேள்விப்பட்டு இன்னொருத்தி வந்தாள். இப்போது ராக்காயியோடு சேர்த்து ஒன்பது பேர் இருக்கிறோம். கம்பெனியில் அட்டையும் தாளும் வாங்கி வந்து தீப்பெட்டி ஒட்டிக் கொடுக்கிறோம். ஒரே உலையில் பொங்கிச் சாப்பிடுகிறோம். புதிதாக வருகிறவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அவளுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது சொல்வாள்.

ராக்காயி முதல் தடவை எங்களிடம் வந்தபோது அவள் முதுகு முழுவதும் கொப்புளம். கொதிக்கிற கஞ்சியை உன் தம்பி ஊற்றியிருந்தார். அவளால் படுக்கவும் முடியாது, சாயவும் முடியாது. மூக்கம்மாள் அவளுக்கு முன்னால் உட்கார்ந்து தன் முதுகைக் கொடுத்தாள். அதில் நெற்றியை வைத்துக்கொண்டுதான் ராக்காயி தூங்கினாள். புண் ஆறும்வரை நாங்கள் முறை வைத்து அப்படி உட்கார்ந்தோம். வெகு நாட்கள் கழித்து, பெட்டி ஒட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் நடந்ததை எல்லாம் சொன்னாள். யாரும் ஐயோ என்று சொல்லவில்லை. அவள் முடித்ததும் பக்கத்தில் இருந்தவள் தன் கதையைச் சொன்னாள். ஒருநாள் பெட்டியில் ஒட்டும் லேபிள் கட்டு ஒன்றை ஆடு தின்றுவிட்டது. அன்றைக்குத்தான் ராக்காயி சிரித்து நாங்கள் முதலில் பார்த்தோம்.

அவளுக்கு விரல் வேகம் அதிகம். கம்பெனிக்காரர் ரத்தினசாமியே அவள் ஒட்டிய பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதல் கூலியில், அப்பனிடமே விட்டுவந்த பேச்சிக்குக் கவுனும் ரிப்பனும் வாங்கி அனுப்பினாள். அது வந்து சேர்ந்தது உனக்குத் தெரியும். உன் வீட்டுக்காரர், பிள்ளை பெறாதவள் என்று உன்னைப் பம்பாயிலிருந்து ஊருக்கு அனுப்பிவிட்டதால் நீ தம்பி வீட்டில் இருந்த சமயம் அது.

அந்தக் கவுனைப் பார்த்த பிறகுதான் சோலைச்சாமி ஆள் அனுப்பினார். பிள்ளைக்குக் காய்ச்சல், அம்மா அம்மா என்று அனத்துகிறது என்று வந்தவன் சொன்னான். போகாதே என்றோம். மூக்கம்மாள் கூட வருவதாகச் சொன்னாள். கூட ஆளைப் பார்த்தால் வாசலிலேயே விரட்டிவிடுவார், பிள்ளையைப் பார்க்க முடியாது என்று ராக்காயி தனியாகவே போனாள். பேச்சி முற்றத்தில் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தாளாம். தூக்கப் போனவளை உன் தம்பி உள்ளே இழுத்தார். கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டிருந்தது நீ என்று ராக்காயி சொன்னாள். அவள் வலது கையை அம்மியில் வைத்து, "இந்தக் கைதான உனக்குச் சோறு போடுது?" என்று கேட்டுவிட்டு உன் தம்பி குழவியைப் போட்டார். ஒருமுறை அல்ல.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. கதவைத் திறந்ததும் உன் சேலையைக் கிழித்து அவள் கையில் ஈரத்துணி சுற்றியதும் நீதான். உப்பு விற்கிறவளிடம் எங்களுக்குச் சொல்லி அனுப்பியதும் நீதான். நாங்கள் வந்தபோது ஊரே நின்று பார்த்தது. சோலைச்சாமி கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "தூக்கிட்டுப் போங்க. இனி என்னத்த ஒட்டுவான்னு பாக்கேன்" என்றார். நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள். போலீசில் போய்ச் சொன்னோம். புருஷன் பெண்டாட்டி சமாசாரம், சமாதானமாகப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். மற்றவை மடங்குவதில்லை.

இப்போது அவள் இடது கையால் பசை காய்ச்சுகிறாள். அவள் பங்குப் பெட்டியை நாங்கள் ஆளுக்குக் கொஞ்சமாக ஒட்டி அவள் பேரில் சேர்த்துவிடுகிறோம். முதலில் கோபப்பட்டாள். இப்போது கூலியை வாங்கிக்கொள்கிறாள். தெருவில் எந்தப் பிள்ளை அம்மா என்று கூப்பிட்டாலும் எழுந்துவிடுகிறாள். பிறகு உட்கார்ந்துகொள்கிறாள்.

சோலைச்சாமி மறுகல்யாணம் செய்ததும், வந்தவள் பேச்சியை வேண்டாம் என்றதும், நீ பிள்ளையைப் பம்பாய்க்குக் கொண்டு போனதும் தெரிந்துகொண்டோம். அந்த வீட்டில் அவள் இல்லை என்பதே எங்களுக்கு ஆறுதல்.

பிள்ளை சாப்பிடுகிறாளா என்று மட்டும் கேட்டு எழுதச் சொன்னாள் ராக்காயி. மீதி நானாக எழுதுவது. ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோவிலில் பிள்ளைக்கு முடி இறக்க வேண்டும் என்று உன் வீட்டுக்காரரிடம் சொல். நேர்த்திக்கடன் என்றால் தடுக்க மாட்டார். நாங்கள் ஆற்றங்கரையில் நிற்போம். அன்றைக்கு வண்டியில் ஏற்றும்போது உன் கையில் பீடி சுட்ட தழும்புகளைப் பார்த்தேன். நீ திரும்பிப் போக வேண்டாம் தாயீ. பிள்ளையோடு நீயும் எங்களிடம் இருந்துவிடு. ராக்காயி ஒன்றும் சொல்ல மாட்டாள். அவளைக் கேட்டுவிட்டேன்.

உனக்கு நல்ல புத்தியும் நல்ல காலமும் வரட்டும்.

இப்படிக்கு,
பொன்னுத்தங்கம்


பம்பாய்,
1963, பங்குனி மாதம்.

மரியாதைக்குரிய அக்கா பொன்னுத்தங்கம் அவர்களுக்கு,

இருளம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் கடிதம் கிடைத்தது. நானேதான் படித்தேன். படித்து அடுப்பில் போட்டுவிட்டேன், தப்பாக நினைக்க வேண்டாம்.

ராக்காயி கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். பேச்சி நன்றாகச் சாப்பிடுகிறாள். இங்கே ரொட்டி பழகிவிட்டது. கருவாடு இருந்தால் இன்னும் ஒரு வாய் கேட்பாள். குழாயடியில் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து இந்தி பேசுகிறாள். எனக்கே அவள்தான் சொல்லித் தருகிறாள்.

வந்த புதிதில் அம்மா வேண்டும் என்று சோறு உண்ணாமல் அழுதாள். உங்க அம்மா செத்துப் போயிட்டா என்று சொன்னேன். அதற்கப்புறம் அழவில்லை.

தாழ்ப்பாளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்கு நான் பதில் எழுதப் போவதில்லை.

என் கையில் நீங்கள் பார்த்தது உண்மைதான். பார்க்காததும் இருக்கிறது. ஆனால் பேச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு ரயிலை விட்டு இறங்கிய நாளிலிருந்து புதுத் தழும்பு ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் மில்லை விட்டு வந்ததும் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறார். குடித்துவிட்டு வருகிற நாளில் கை ஓங்கினாலும், பிள்ளை என் மடியில் இருந்தால் கை கீழே இறங்கிவிடுகிறது. அதனால் அவர் வருகிற நேரத்தில் அவளை மடியை விட்டு இறக்குவதே இல்லை.

வந்து இருந்துவிடு என்று எழுதியிருந்தீர்கள். பிறந்ததிலிருந்து என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்த வரியை மட்டும் பல தடவை படித்தேன். ஆனால் அவர் தேடி வருவார் அக்கா. உங்கள் வாசலில் எட்டுப் பேர் நின்றாலும் வருவார். ராக்காயிக்கு முதுகு கொடுக்க நீங்கள் எட்டுப் பேர் இருக்கிறீர்கள். எனக்கு இவள் ஒருத்திதான்.

ஆடிக்கு வரமாட்டேன். பேச்சிக்கு இங்கேயே ஒரு மாரியம்மன் கோவிலில் முடி இறக்கிவிட்டோம். இந்த மாதக் கடைசியில் வேறு வீட்டுக்குப் போகிறோம். விலாசம் எழுதவில்லை. என் சின்னம்மை மகளிடமும் சொல்ல மாட்டேன்.

பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று ராக்காயியிடம் சொல்லுங்கள். யாரை அம்மா என்று கூப்பிடுகிறாள் என்று கேட்டால், தெரியாது என்று சொல்லிவிடுங்கள். அவள் கை குணமாக வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். இது பொய் இல்லை அக்கா.

இப்படிக்கு,
இருளம்மாள்