கம்பிக்கு அந்தப் பக்கம்

செவ்வாய், இரவு.

சாயங்காலம் மாட்டுப்பட்டி அணையில் ஒரே மூடுபனி. டிஜிட்டல் கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் ஐஎஸ்ஓவை உச்சத்துக்கு ஏற்றி ஒரு ஜோடியைப் படமெடுத்தேன். படத்தில் அவர்களுக்குப் பின்னால், தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம், தண்ணீருக்கு மேலே ஒரு பெண் நின்றாள்.

என்னோடு அங்கே படமெடுக்கும் முருகேசன் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இவ்ளோ ஏத்துனா இல்லாத புள்ளியெல்லாம் வரத்தாண்ணே செய்யும். அழிச்சிருங்க."

எனக்கே பாடம் எடுக்கிறான். அழித்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஃபிலிமில் அப்படி ஊதிப் பெருக்க முடியாது. ஐஎஸ்ஓ நானூறு ரோல் போட்டால் கடைசிவரை நானூறுதான். விழுந்த வெளிச்சம்தான் பதியும். ஜோடி போனபின் பழைய ஃபிலிம் கேமராவில் வெறும் கம்பியை மட்டும் எடுத்தேன்.

இப்போதுதான் ரோலைக் கழுவினேன். அவள் இருக்கிறாள்.

கம்பிக்கு இந்தப் பக்கம்.