பதினான்காவது நாற்காலி

நண்பா,

நேற்றுக் காலை நீ திடீரென்று தொலைபேசியில் விருந்துக்கு அழைத்ததும், என்னிடமிருந்து பறித்த பேராசிரியர் பதவிக்கு மன்னிப்புக் கேட்கப்போகிறாய் என்று நம்பி லியோனுக்கு ரயிலேறினேன்.

கதவைத் திறந்த உன் மனைவி ஒதீல், "அப்பாடா, வந்துட்டீங்களா! மேசைல பதிமூணு பேராயிட்டோம். பதிமூணு பேர் சேர்ந்து சாப்பிட்டா யாராவது செத்துடுவாங்கன்னு அத்தை ஒரே அழுகை" என்றாள்.

சமூகவியலாளனாக நான் இருபது ஆண்டுகள் ஆராய்ந்ததே நம் சாப்பாட்டு மேசைகளின் இந்தப் பயத்தைத்தான். "நிபுணரே வந்துட்டார், இனி தைரியமா சாப்பிடலாம்" என்று நீ சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். அதன்பின் இறைச்சி வந்தது, பாலாடைக்கட்டி வந்தது. என்னிடம் பேச யாரும் வரவில்லை.

உன்னை நான் மன்னிக்கவில்லை. ஆனால் வீட்டில் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். இன்னொரு நாள் ஓர் ஆள் குறைந்தால் கூப்பிடு. வருவேன்.

இப்படிக்கு,
உன் பழைய அறைத்தோழன்