இன்னொரு தரம் காட்டுவார்களா

1977 டிசம்பர் 12, திங்கள்

மழை விட்டும் தூறல் நிற்கவில்லை. திருவள்ளூர் தாலுகா ஆபீசில் என் டைப்ரைட்டருக்கு நேர் மேலே ஒழுகுகிறது. மேஜையை நகர்த்த ஆள் வரவில்லை. நானே இழுத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் கால் வைத்ததுமே அம்மா கேட்டாள். "தபால் ஏதாவது வந்துதாடி பூமா?" இல்லை. தினமும் இதே கேள்விதான், பதிலும் இதுதான்.

ரங்கா அண்ணா கடைசியாக வந்தது ஆனியில். குடுமியை எடுத்துவிட்டுக் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனி வேலைக்குப் போன நாளிலிருந்து அப்பா அவனோடு பேசுவதில்லை. பெருமாள் கோயிலில் பிரபந்தம் சொல்லும் கோஷ்டியில் தனக்குப் பிறகு நிற்க வேண்டியவன் என்று நினைத்திருந்தார். அப்பா கோயிலில் இருக்கும் வேளையாகப் பார்த்து மாதம் ஒருமுறை வருவான். அம்மா கையால் சாப்பிடுவான். அவர் திரும்புவதற்குள் போய்விடுவான். இப்போது அதுவும் இல்லை.

டிசம்பர் 17, சனி

லீவு போட்டுவிட்டுக் கும்மிடிப்பூண்டி போய் வந்தேன். பக்கத்து வீட்டு ஜகந்நாதன் மாமா துணைக்கு வந்தார். பேசின் பிரிட்ஜில் வண்டி மாறிப் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். கம்பெனி வாசலில் நெடுநேரம் நிற்க வைத்தார்கள். கடைசியில் பாக்கியராஜ் என்று ஒரு மேஸ்திரி வந்தார்.

"ரங்காவா? சித்திரையிலயே நின்னுட்டாரும்மா. ஒடம்பு முடியலன்னாரு. ரூமையும் காலி பண்ணிகினு பூட்டாரு. எங்கன்னு தெர்ல."

சித்திரையிலேயே! அப்படியானால் ஆனியில் வந்தவன் ஏன் ஒன்றும் சொல்லவில்லை? "வேலை எப்படி இருக்கு?" என்று அம்மா கேட்டதற்கு, "அதுக்கென்ன, நன்னா இருக்கு" என்று சிரித்தானே.

அம்மாவிடம் என்ன சொல்வது? வேறு ஊருக்கு மாற்றலாகியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஒரு நாள்கூடத் தாங்காத பொய்.

டிசம்பர் 20, செவ்வாய்

தாங்கவில்லை. ஜகந்நாதன் மாமா வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டார். அம்மா அழவில்லை. நனைத்த அரிசியை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். மெட்ராஸ் டெலிவிஷனில் காணாமல் போனவர்கள் படத்தைக் காட்டுகிறார்களாம், நல்ல போட்டோவாக ஒன்று வேண்டும் என்றார்.

நல்ல போட்டோவுக்கு எங்கே போவேன்? இருப்பது ஒன்றே ஒன்று. பிரம்மோத்ஸவத்தின்போது எடுத்தது. இருபது வயசு, குடுமி, பன்னிரண்டு திருமண், கைகட்டிக்கொண்டு நிற்கிறான். இதைப் பார்த்துவிட்டுக் கிராப்பு வைத்த ஒருத்தனை யார் அடையாளம் சொல்வார்கள்?

அப்பாவிடம் சொன்னேன். "டீவியில போட்டு ஊரெல்லாம் பாக்கணுமா?" என்று சத்தம் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து, அவராகவே சட்டத்தின் பின்பக்க ஆணிகளைப் பிடுங்கிப் படத்தை எடுத்துக் கொடுத்தார்.

1978 ஜனவரி 5, வியாழன்

அண்ணா படம் பொங்கலை ஒட்டி டீவியில் வரும் என்கிறார்கள். என்றைக்கு, எந்த நிகழ்ச்சிக்கு நடுவில் என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது.

ஜனவரி 14, சனி

இன்று வந்தது.

இந்தத் தெருவில் டீவி இருப்பது ஜகந்நாதன் மாமா வீட்டில் மட்டும்தான். பண்டிகை என்பதால் இன்று காலையிலும் நிகழ்ச்சி. பால் பொங்கியதும் அம்மா கிளம்பிவிட்டாள். அந்தப் பெட்டியை அவள் இதுவரை பார்த்ததே இல்லை. மாமாவின் மனைவி கோதைநாயகி மாமி நாற்காலி போட்டும் உட்காராமல் தரையில், பெட்டிக்கு வெகு அருகில் உட்கார்ந்தாள்.

முதலில் நாகஸ்வரம். எல்லாரும் தலையாட்டினார்கள். அம்மா மட்டும் கச்சேரி கேட்க உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களையே ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அப்புறம் யாரோ ஒருவர் பொங்கல் திருநாளைப் பற்றிப் பேசினார். அதோடு காலை முடிந்தது. மறுபடி சாயங்காலம் போனோம். நெல்லில் புகையான் பூச்சி விழுந்தால் என்ன செய்வது என்று ஒரு நிகழ்ச்சி. அதிகாரி மருந்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, அவர் பின்னால் வரப்பில் நாலைந்து பேர் நின்றார்கள்.

"பூமா, அந்தக் கடைசியில நிக்கறது யாரு பாரு."

"யாரோ, அம்மா."

"கழுத்து அவன் கழுத்து மாதிரியே இருக்கே."

குழந்தைகளுக்கான பொம்மலாட்டத்துக்கு அறை முழுக்கச் சிரிப்பு. பிறகு ஒரு பெண்ணின் வாய்ப்பாட்டு. பிறகு கண் டாக்டர் ஒருவர். பிறகு செய்திகள். அம்மா எதற்கும் கண்ணை எடுக்கவில்லை. தண்ணீர்கூட வேண்டாம் என்றாள்.

செய்தி முடிந்ததும் ஒரு பெண் குரல், காணவில்லை என்று ஆரம்பித்தது. ஒரு சிறுமி. ஒரு கிழவர். அடுத்து அண்ணா.

திருவள்ளூரைச் சேர்ந்த ரங்கா, வயது முப்பத்திரண்டு, மாநிறம் — அவ்வளவுதான். மூச்சை உள்ளே இழுத்து வெளியே விடுவதற்குள் போய்விட்டது. அடுத்து நகைச்சுவை நாடகம். வாசற்படியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். மாமி அவர்களை அதட்டினாள். அவர்கள் என்ன செய்வார்கள், பாவம்.

அம்மா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்: "இன்னொரு தரம் காட்டுவாளா?"

ஜனவரி 22, ஞாயிறு

அம்மா தினமும் போகிறாள். விளக்கேற்றியதும் போய், தேதியும் நேரமும் சொல்லி நிகழ்ச்சியை முடிக்கும்வரை உட்கார்ந்திருக்கிறாள். உரம் போடுவது, ஊறுகாய் போடுவது, கால்பந்து, யாரோ மந்திரி பாலம் திறப்பது — எல்லாவற்றையும் பார்க்கிறாள். "இன்னிக்கு என்னம்மா போட்டான்?" என்று கேட்டால் ஒன்றுமே சொல்லத் தெரியவில்லை.

கோதைநாயகி மாமி என்னை முற்றத்துக்குக் கூப்பிட்டாள். "நான் ஒண்ணும் சொல்லலை, பூமா. ஆனா நாலு பேர் சினிமாப் பாட்டு கேக்க வரா. உங்கம்மாவைப் பாத்தா யாருக்கும் சிரிக்கவே மாட்டேங்கறது."

மாமி மேல் கோபம் வரவில்லை. எனக்கும்தான் சிரிப்பு மறந்துவிட்டது.

ஜனவரி 30, திங்கள்

அண்ணா இல்லை.

ஜனவரி 31, செவ்வாய்

நேற்று ஒரு வரிக்கு மேல் எழுத முடியவில்லை.

நேற்று சாயங்காலம் அம்மா மாமி வீட்டுக்குப் போன பிறகு, வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். தலையில் துண்டு கட்டிய விவசாயி ஒருவர். அவர் பின்னால் இருபத்தைந்து வயசுப் பெண். வெறும் கழுத்து. "ரங்கா ஊடு இதானுங்களா?" என்று அந்தப் பெண்தான் கேட்டாள்.

பெயர் செல்வி. அவர் அவளுடைய அப்பா துளசிராமன். கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஒரு கிராமத்தில் கொஞ்சம் நிலம் வைத்திருக்கிறார்கள். செல்வி கம்பெனி கேண்டீனில் வேலை செய்தவள். இரண்டு வருஷம் முன்னால் ஒரு முருகன் கோயிலில் வைத்து அண்ணா அவளைக் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறான். எங்களுக்குத் தெரியாது.

"பஞ்சாயத்து ஆபீசுல டீவி கீது. நைனா வயலு சமாச்சாரம் பாக்கப் போவாரு. பொங்கல் அன்னிக்கி நானும் போனேன். பேரச் சொன்னதும் தூக்கிவாரிப் போட்ச்சி. மொகம் தெரிலம்மா. குடுமியும் நாமமுமா யாரோ மாரி இருந்தாரு. அப்பால வாயப் பாத்தேன். ஒரு பக்கமா சிரிக்கறாப்ல... அவருதான். போலீஸ் டேசன்ல வெலாசம் கேட்டுகினு இப்பதான் வர முடிஞ்சிச்சி."

"அவன் இப்ப எங்கே?" என்று நான் கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

"ஆடியில, மஞ்ச காமாலம்மா. சித்திரையிலேந்தே முடியல. பச்சமருந்து குடுத்தோம். தெளிஞ்சாப்ல இருந்துச்சி. ஆனியில எழுந்து நடமாடுனாரு. திரும்பவும் படுத்துட்டாரு. பட்டணத்துக்கு ரயில்ல இட்டுகினு போனோம். மீஞ்சூரு தாண்டல."

"எங்களுக்கு ஒரு வார்த்தை..."

"தெருப் பேரு தெரியாதும்மா. திருவள்ளூருன்னு தெரியும், கோயிலுன்னு தெரியும். காரியம் முடிஞ்சி ஒரு நாளு வந்தேன். கொளத்தாண்ட ரொம்ப நேரம் நின்னுகினு இருந்தேன். யாராண்ட இன்னான்னு கேக்கறது? தொரத்திடுவீங்கன்னு பயமா இருந்திச்சி. பூட்டேன்."

அப்பா உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். வெளியே வந்தார். அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. துளசிராமனிடம் கேட்டார்: "கொள்ளி யார் வெச்சா?"

"நான்தான் சாமி." அவர் துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். "பெத்தவங்க இருந்தும் இப்பிடி ஆயிப்போச்சேன்னு... தப்புன்னா மன்னிச்சிருங்க."

அப்பா இரண்டு கையையும் கூப்பினார். பெருமாளைத் தவிர யார் முன்னாலும் அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

பிறகு, "உங்கம்மாகிட்ட நான் சொல்றேன்" என்று அங்கவஸ்திரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு போனார். நெடுநேரம் இரண்டு பேரும் வரவில்லை. அங்கே நடந்ததை இன்று காலை மாமிதான் சொன்னாள். அந்த வீட்டுக்கு டீவி வந்ததிலிருந்து வாசல்படி மிதிக்காதவர், நேராக உள்ளே போய் அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாராம். செய்தி போய்க்கொண்டிருந்ததாம். அம்மா, "இப்போதான் காட்டுவா, இருங்கோ" என்றாளாம். அவரும் இருந்தாராம். அறிவிப்பு முடிந்து, நாடகம் முடிந்து, எல்லாம் நிறுத்தும் வரைக்கும். அதற்குப் பிறகுதான், "ஆத்துக்கு வா, செங்கமலம்" என்று கையைப் பிடித்து எழுப்பினாராம்.

வீட்டு வாசலில் அந்தப் பெண்ணைப் பார்த்ததும் அம்மா நின்றாள். வெறும் கழுத்தைப் பார்த்தாள்.

அப்புறம் அவள் போட்ட சத்தத்தை நான் எழுதப் போவதில்லை.

பிப்ரவரி 14, செவ்வாய்

அப்பா செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்தார்.

ஆனியில் அண்ணா வந்தபோது, "கண் மஞ்சளா இருக்கேடா" என்று அம்மா கேட்டாளாம். ராத்திரி ஷிப்ட் என்றானாம். இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள்.

மார்ச் 19, ஞாயிறு

செல்வி வந்திருந்தாள். அம்மா வரச் சொல்லியிருந்தாள். கும்மிடிப்பூண்டி ஸ்டூடியோவில் எடுத்த படத்தைக் கொண்டுவந்திருந்தாள். கிராப்பு, அரும்பு மீசை, முழுக்கைச் சட்டை.

"மீசை வேற வெச்சிண்டிருந்தானா?" என்றாள் அம்மா. "எனக்குத் தெரியாதே. ஆனியில இல்லையே."

"இங்க வர்றப்பல்லாம் எடுத்துட்டு வருவாரும்மா. ஊட்டுக்கு வந்து திரும்ப வளப்பாரு."

அம்மா அழுதாள். அழும்போதே சிரித்தாள். அவன் என்ன சாப்பிட்டான், எப்போது தூங்கினான், கோபம் வந்தால் என்ன செய்வான் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். செல்வி கருவாடு பிடிக்கும் என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சொல்லு, சொல்லு" என்றாள் அம்மா.

கிளம்பும்போது, "அடுத்த மாசமும் வாங்கோ, மன்னி" என்றேன். அண்ணன் மனைவியைக் கூப்பிடும் அந்தச் சொல் வாயில் தானாக வந்துவிட்டது. அப்பா உள்ளேதான் இருந்தார். காதில் விழுந்திருக்கும்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

அண்ணாவின் முதல் வருஷத் திதி, வருஷாப்தீகம் முடிந்தது. அதற்கென்றே காத்திருந்தவர்போல் இன்று துளசிராமன் மட்டும் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மீஞ்சூர்ல தேசப்பன்னு ஒரு பையன், சாமி. மொத சம்சாரம் தவறிப்போச்சி. எங்க சனத்துல புருசன் தவறிட்டா அறுத்துக் கட்றது உண்டு. பொண்ணு வேணாங்கறா. உங்களாண்ட கேட்டுட்டு அப்பால பேசலாங்கறா. எனக்கும் வயசாயிகினு வருது."

அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மாதத்துக்கு ஒரு நாள் வந்து அண்ணாவைப் பற்றிப் பேச அவள் ஒருத்திதானே இருக்கிறாள் எங்களுக்கு? வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பார்த்தேன். சொல்லிவிட வேண்டும் என்றும் நினைத்தேன்.

"அவ சின்னவ," என்றாள் அம்மா. "பண்ணிக்கச் சொல்லுங்கோ."

அப்பா எழுந்து போனார். கோபம் என்று நினைத்தேன். பஞ்சாங்கத்தோடு திரும்பி வந்தார். வெகு நேரம் புரட்டினார். "ஆடி போகட்டும். ஆவணியில பஞ்சமி, வியாழக்கிழமை. நல்ல நாள்" என்றார்.

செப்டம்பர் 7, வியாழன்

மீஞ்சூர் போய் வந்தேன். அப்பாவும் அம்மாவும் வரவில்லை. அம்மா ஒரு மாம்பழ நிறப் புடவை கொடுத்தனுப்பினாள். கல்யாணப் பெண் அதைத்தான் உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தேசப்பன் சாதுவாகத் தெரிந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

தாலி கட்டி முடிந்து கூட்டம் கொஞ்சம் விலகியதும் அவளிடம் விடைபெறப் போனேன். முதுகைக் காட்டிக்கொண்டு யாரோ ஒரு பெரியம்மாவுடன் பேசிக்கொண்டிருந்தாள். கூப்பிட வாயெடுத்தவள் நின்றுவிட்டேன். இனி மன்னி என்று எப்படிக் கூப்பிடுவது?

"செல்வி" என்றேன்.

திரும்பிப் பார்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டிக்கு நேரமாகும் வரை விடவில்லை.