ஆடி வெள்ளியும் கண்ணாடி வீடும்

14 ஜூன் 1938, செவ்வாய். தர்மபுரி.

கண்ணாடி வீடு கட்டி முடிந்தது. என்ன செடி வைப்பது என்று எங்கள் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளிக் கமிட்டி கூடியது. பெரிய மூளைகள்! மேனேஜர் ராஜப்பனுக்கு ஏற்காட்டுத் துரை பங்களாவில் பார்த்த பெகோனியாதான் வேண்டுமாம். "பாக்க அம்சமா இருக்குமுங்க டீச்சர்." இந்த ஊர் வெயிலில் அது எத்தனை நாள் தாங்கும்? என் தாவரப் பாடத்துக்கு வேண்டியது வேறு. தொட்டியில் அடங்கி, வருஷம் முழுக்கப் பூத்து, பிளேடால் கீறினால் உறுப்பெல்லாம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நித்தியகல்யாணி, சங்குப்பூ, கனகாம்பரம் என்றேன். "இதெல்லாம் எங்க வூட்டு வேலியிலயே கெடக்குதுங்களே" என்று சிரித்தார். வேலியில் கிடப்பதைத்தானே இந்தப் பெண்கள் நாளைக்குக் கிராமத்துப் பள்ளியில் காட்ட முடியும்? அந்த மண்டையில் ஏறாது. கடைசியில் இரண்டும் வைப்பதாக முடிவு.

20 ஜூன், திங்கள்

செடி நடும் விழா. "மொதச் செடிய எங்க வூட்டம்மா நடட்டுமுங்க. நீங்க..." என்று இழுத்தார் மேனேஜர். தாலியறுத்தவள் கை வைத்தால் பட்டுப்போகுமாம். அவர் மனைவி நஞ்சம்மாள் பட்டுச்சேலை அழுக்காகாமல் நட்டார் — வேரைச் சுற்றிக் கட்டியிருந்த வாழைமட்டையோடு! எல்லாரும் கை தட்டினார்கள். அவர்கள் போனதும் பிடுங்கி நானே ஒழுங்காக நட்டேன். மற்றவையும் நானே.

11 ஜூலை

பெகோனியா அவ்வளவும் அழுகிவிட்டது. மேனேஜர் வெயிலைத் திட்டுகிறார்.

22 ஜூலை, ஆடி வெள்ளி

பூப் பாடம். தொட்டிகளில் ஒரு பூ இல்லை. விடியலிலேயே நஞ்சம்மாளும் கமிட்டி வீட்டு அம்மாக்களும் கூடையோடு வந்து போயிருக்கிறார்கள். சங்குப்பூவும் நித்தியகல்யாணியும் சாமிக்கு, கனகாம்பரம் தலைக்கு. சர்க்கார் மானியத்தில் கண்ணாடி வீடு, இவர்கள் கொண்டைக்குப் பூ! கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினேன்.

29 ஜூலை, வெள்ளி

மறுபடியும் மொட்டை. மேனேஜரிடம் போனேன். அடுத்த மாதம் இன்ஸ்பெக்டரம்மா வருகிறார், பிள்ளைகள் பூவைப் பிரித்துக் காட்டாவிட்டால் இந்தப் பாடத்தையே எடுத்துவிடுவார்கள், என் வேலையும் போகும் என்றேன். "சாமிக்கு மிஞ்சின பாடமுங்களா டீச்சர்?" சீ, இந்த ஆள்கிட்டப் போய்க் கெஞ்சினேனே!

3 ஆகஸ்ட்

எவ்வளவு பூத்திருக்கிறது என்று நோட்டம் பார்க்க நஞ்சம்மாள் வந்தார். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"தோட்டக்காரன் எங்கீங்க?"

"தோட்டக்காரன் ஏதுங்க? நட்டதும் நான், தெனம் தண்ணி ஊத்தறதும் நான். நீங்க நட்டதையும் பிடுங்கி நான்தான் நட்டேன்."

முகம் வெளுத்துவிட்டது. "அய்யோ, உங்க கையாலயா? ரெண்டு வெள்ளி சாமிக்குப் போட்டுட்டனே!" ஓட்டமாகப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இவர்கள் புத்தியையே வேலியாகப் போட்டாயிற்று.

5 ஆகஸ்ட், வெள்ளி

ஒரு பூ குறையவில்லை.

16 ஆகஸ்ட்

இன்ஸ்பெக்டரம்மா முன்னால் பாடம். ஆளுக்கொரு நித்தியகல்யாணி கொடுத்துக்கொண்டே வந்தேன். காவேரி — வகுப்பிலேயே கெட்டிக்காரி, ஆவணியில் கல்யாணம் — கையைத் தாவணிக்குள் வைத்துக்கொண்டாள். "உங்க கையால வாங்கக் கூடாதுன்னு ஆத்தா சொல்லுச்சுங்க டீச்சர்." மெதுவாகத்தான் சொன்னாள். நஞ்சம்மாள் ஊர் முழுக்கப் பரப்பியிருக்கிறார். அவரை என்னவென்று திட்டுவது? நான் சொன்னதைத்தானே சொல்லியிருக்கிறார்.

பூவை மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். எடுத்துக்கொண்டாள். குழலைக் கீறி, மகரந்தத் தாள் ஐந்தையும் கிழியாமல் பிரித்துக் காட்டினாள். இன்ஸ்பெக்டரம்மா "பேஷ்" என்றார்.

வேலை தங்கிற்று.