இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை

அண்ணே,

மீன்குழம்பு அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிக்கொள். சாயங்காலம் உன் நிலத்தரகர் வேலாயுதம் வந்தால் நீயே தேநீர் போட்டுக் கொடு. அம்மாவை எழுப்பாதே.

அப்பா ரிட்டையரானதால் இந்தப் படைத்தளத்துக் குவார்ட்டர்ஸை விடவேண்டும், சரி. அடுத்து மலாயாவில் எங்கே குடிபோவது என்று நேற்றுக் கோவிலில் பூக்கட்டிப் பார்த்தாரே. சிவப்பு வந்தால் கெடா மாநிலம், வெள்ளை வந்தால் பகாங் மாநிலம். வெள்ளை வந்ததும், "பெருமாளே சொல்லிட்டாருப்பா!" என்று முதலில் கத்தியவன் நீ. எடுக்காமல் விட்ட பொட்டலத்தை நான் பிரித்துப் பார்த்தேன். அதிலும் வெள்ளைதான். இரண்டையும் மடித்தவனும் நீதான்.

அப்பா பகாங்கில் நிலம் வாங்கினால் தரகர் உனக்கு ஒரு லாரி வாங்கித் தருகிறேன் என்றாராம், அதற்காக மொத்தக் குடும்பத்தையும் பகாங் காட்டுக்கு ஓட்டுகிறாய். பழியைச் சாமி தலையில் போட வெட்கமாக இல்லை? "பி.ஏ. படிச்ச திமிரு" என்பாய். உன் திருட்டைக் கண்டுபிடிக்க பி.ஏ. எதற்கு?

அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடு. இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்ததும் நான் சொல்வேன்.

செண்பகம்

இன்னொன்று. வெள்ளை வந்ததும் அம்மா அழுதாள். பக்தி என்று நினைத்துத் துளசியை நீட்டினாய். அவள் கூடப்பிறந்த ஒரே தங்கை இருப்பது கெடாவில்.