அம்மாவுக்காக வாங்கிய கிராமபோன்

செவ்வாய், இரவு.

சாவி கொடுத்துப் பாடவைக்கும் பழைய கிராமபோன் ஒன்றை இன்று வாங்கிவிட்டேன். "ஒங்க கையில இருக்க துட்டுக்கு, குழாய் நெளிஞ்சதுதாம்மா கெடைக்கும்," என்றார் பழைய துறைமுகத்துப் பக்கம் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. கப்பலில் வேலை பார்த்த அப்பா இருந்தவரை எங்கள் வீட்டில் இப்படி ஒன்று பாடியது. அந்தச் சத்தம் கேட்டால், ஞாபகம் மங்கிப்போன அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியும் என்று நம்பினேன்.

இசைத்தட்டு சுழன்றதும் அம்மா எழுந்து உட்கார்ந்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"ஏளா, கதவத் தொற. அவிய வந்துட்டாவ."

"அப்பா செத்துட்டாவம்மா," என்று சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் கேள்விப்படுகிறவளைப் போல அலறினாள். பாட்டை நிறுத்தினேன். அழுகை நிற்கவில்லை.

"நீ யாருளா? அவிய செத்தத எங்கிட்ட ஏன் யாரும் சொல்லல?"

இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.